யார் வீட்டுக் குப்பை

அந்தச் செய்தியை உலகத்துக்கு முதலில் சொன்னவர் தூர தேசத்துப் பல் மருத்துவர் ஒருவர். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறந்து பார்ப்பது அவர் பிழைப்பு. இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய்த் தொலைநோக்கியில் வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு. ஆகாயத்தில் அநாதையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய ராக்கெட் துண்டுகள் என்றால் அவருக்கு உயிர். பஸ் அளவுக்கு இருக்கும் ஒரு வெற்று உருளை, இன்னும் சில வாரங்களில் நிலாவின் மறுபக்கத்தில் போய் மோதப்போகிறது என்று எழுதியிருந்தார். யாருடையது என்று தெரியவில்லை, உரியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும் என்று கீழே பணிவாக ஒரு வரி.

உரியவர்கள் யாரும் மூச்சுவிடவில்லை.

பாதையம்மா அதை வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனில் படித்தாள். ராக்கெட் ஏவும் நிலையத்தில் சுற்றுப்பாதைக் கணக்குப் பார்ப்பவள் அவள். மேலே போனது எந்த வழியாகப் போகும், எப்போது எங்கே இருக்கும் என்று சொல்வது வேலை. அதனால் பாதையம்மா. புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் அதுதான் அவள் நிஜப் பெயர் என்று நினைத்து விண்ணப்பத்தில்கூட எழுதியிருக்கிறார்கள். அவள் கணவர்தான் நிலையத்தின் இயக்குநர். அவர் நிலையத்துக் காரில் போவார், அவள் பஸ்ஸில் போவாள். ஒரே வாசலில் இருந்து ஒரே வாசலுக்குத்தான் இருவரும் போக வேண்டும். மனைவியை ஆபீஸ் காரில் ஏற்றினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது அவர் கட்சி. நேர்மையில் அவ்வளவு கறார்.

பல் மருத்துவர் கொடுத்திருந்த எண்களை அவள் இரண்டு தடவை பார்த்தாள். பெற்ற பிள்ளையின் நடையைத் தூரத்தில் இருந்தே அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி, அந்தப் பாதை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஆனாலும் கண்ணால் கண்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று வளர்ந்தவள். மதியம் அறையில் யாரும் இல்லாத நேரத்தில், கணினியில் அந்த உருளையைப் பின்னோக்கி ஓடவிட்டாள். நிலாவும் சூரியனும் அதை இழுத்த இழுப்பையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனாள். வருஷங்கள் பின்னால் ஓடின. கடைசியில் அது வந்து நின்ற இடம், அவர்கள் ஊர் ஏவுதளத்துக்கு மேலே. நாளும் அவளுக்குத் தெரிந்த நாள்தான்.

சாயங்காலம் வீட்டில், கணவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்ததும் சொன்னாள். அவர் டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"அப்போ தெரியுமா?"

"அந்த ஆள் எழுதின அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருக்கேன். நீயும் சும்மா இரு."

அதோடு டீவியைப் போட்டுவிட்டார். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு விஷயத்தை முடித்துவிட்டார் என்பதை டீவிச் சத்தத்தை வைத்தே அவள் சொல்லிவிடுவாள்.

முந்தைய கதை இது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அப்போது அவர் இயக்குநர் ஆகவில்லை. ஆகிற வழியில் இருந்தார். ஒரு பெரிய ஏவுதலுக்கு அவர்தான் தலைவர். ராக்கெட்டின் கடைசி அடுக்கு நெட்டையரின் பொறுப்பு. நெட்டையர் உண்மையிலேயே நெட்டை. எந்த வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவார். ஆனால் எந்த ஆளிடமும் தலையைக் குனிந்து பழகவில்லை, அதுதான் வினை. பாதையம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத அவளுக்கு அன்றிலிருந்து அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி, அவர்கள் மகனுக்கு அவள் அத்தை. சொந்தத்தில் இருக்கிற பொறாமை இல்லாத சொந்தம்.

செயற்கைக்கோளை மேலே இறக்கிவிட்ட பிறகும் கடைசி அடுக்கில் கொஞ்சம் எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். அதைக் கொண்டு அது தன்னைத்தானே கீழே தள்ளிக்கொண்டு, காற்றில் எரிந்து, மிச்சம் மீதி கடலில் விழ வேண்டும். குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறவன் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுப்பது போல. ஏவும் நாள் நெருங்கியபோது மேலிடத்தில் இருந்து ஒரு சொல் வந்தது: வேண்டப்பட்ட ஒரு நாட்டின் சின்னச் செயற்கைக்கோளையும் கூடவே ஏற்றிவிட வேண்டும். எடை கூடிற்று. எதையாவது குறைக்க வேண்டும். குறைப்பதற்கு இருந்தது அந்த மிச்ச எரிபொருள் ஒன்றுதான்.

அதைப் பேசக் கூடிய கூட்டத்தில் பாதையம்மாவின் கணக்குதான் திரையில் ஓடியது. எரிபொருள் மிச்சம் இல்லாவிட்டால் அந்த அடுக்கு நீண்ட வட்டத்தில் மேலேயே தொங்கும், பிறகு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெட்டையர் திரையைப் பார்த்தார், முடியாது என்றார்.

"ஆகாயம் என்ன உங்க வீட்டு முற்றமா? தினம் கூட்டிப் பெருக்கணும்னு சொல்றீங்க?" என்றார் அவள் கணவர். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"முற்றமா இருந்தா பரவாயில்ல. நான் போட்டதை நானே அள்ளிடுவேன். இது போட்டா போட்டதுதான்."

அப்போது யாரோ, பாதையம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டார்கள். அவள் இந்தப் பக்கம் கணவரைப் பார்த்தாள், அந்தப் பக்கம் அண்ணனைப் பார்த்தாள். கணக்கு என்னவோ அது திரையில் இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். மதில்மேல் பூனையாவது ஒரு பக்கம் குதிக்கும்.

நெட்டையர் தலைக்கு மேல் அவள் கணவரே உத்தரவு போட்டார். ராக்கெட் நல்லபடியாகப் போயிற்று. மாலை மரியாதை எல்லாம் நடந்தது. கொஞ்ச நாளில் நெட்டையரை உதிரிச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். ராக்கெட் பறக்கவிட்டவர், திருகாணியும் பெயின்ட் டப்பாவும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். சில வருஷம் கழித்து ஒரு காலைப் பொழுதில், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சாவுக்கு வந்த அவள் கணவர், இப்படி ஓர் ஆளை இனிப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, வெளியே கார் காத்திருக்கிறது என்று கிளம்பினார்.

இப்போதோ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தார் இயக்குநர். அந்த உருளை எங்களுடையது அல்ல, எங்களுடையது எப்போதோ காற்றில் எரிந்துவிட்டது என்று நிலையம் ஓர் அறிக்கை விட்டது. பல் மருத்துவர் பல்லைப் பிடுங்குகிற பொறுமையோடு வேலை பார்த்தார். ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, அந்த உருளையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தார். அதன் மேலிருந்த வெள்ளைப் பூச்சு எந்த ஊர் ராக்கெட்டில் பூசுவது என்று வெளியிட்டார். பின்னோக்கிப் போட்ட கணக்கையும் வெளியிட்டார். அதைப் பார்த்த பாதையம்மாவுக்குத் தன் கணக்கையே வேறு கையெழுத்தில் பார்ப்பது போல இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நிலா துடைப்பத்தோடு வாசலில் நின்று வசை பாடுவதாக ஒருத்தர் படம் போட்டிருந்தார்.

மேலிடம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு ஒன்றை அனுப்பியது. குழு முதலில் இயக்குநரை விசாரித்தது. அன்று அவர் வீட்டுக்கு வரும்போதே முகம் தெளிந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர், தானாகவே பேச்சை எடுத்தார்.

"உன்னையும் கூப்பிடுவாங்க. ரொம்பப் பேச வேண்டாம். கடைசி அடுக்கு யார் பொறுப்புன்னு கேட்டா, நெட்டையர் பொறுப்புன்னு சொல்லு. அது பொய் இல்லையே."

"அவர் மாட்டேன்னுதானே சொன்னார்."

"அவர் சரியா கவனிக்கலைன்னு நான் சொல்லியிருக்கேன். செத்தவனுக்கு என்ன நஷ்டம்? வேலை போகுமா, பென்ஷன் போகுமா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் தட்டில் பரிமாறியது பாதியில் நின்றது. அவர் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பொய் சொன்ன மனுஷனுக்குக் கொஞ்சமாவது தொண்டையில் அடைக்க வேண்டாமா?

மறுநாள் ஆபீஸுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அண்ணியைப் பார்க்கப் போனாள். நெட்டையர் போன பிறகு அண்ணி கடைத்தெருவில் ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது அந்தக் கடையையே பார்த்துக்கொள்கிறவள் ஆகியிருந்தாள். கடைக்குள் நுழைந்தால் நீராவியும் சோப்பு மணமுமாக முகத்தில் அடிக்கும். தலைக்கு மேலே கம்பியில் வரிசையாகக் கோட்டும் சட்டையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலிதீன் உறை, ஒரு நம்பர் சீட்டு. அண்ணி கால்சட்டை ஒன்றுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வா என்றாள், ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். கை நிற்கவில்லை.

பாதையம்மா சொல்ல வந்ததைச் சொன்னாள். நிலாவில் விழப்போவது நம்முடையதுதான். அண்ணன் மேல் பழியைப் போடுகிறார்கள். குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. நான் உண்மையைச் சொல்லப்போகிறேன். சொல்லச் சொல்லத் தன் நெஞ்சு இளகுவதும், அண்ணி தன் கையைப் பிடித்துக்கொள்ளப்போகிறாள் என்று எதிர்பார்ப்பதும் அவளுக்கே தெரிந்தது.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் வந்திருந்தார்" என்றாள்.

பாதையம்மா நிமிர்ந்து கம்பியைப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கணவரின் சாம்பல் நிறக் கோட்டு, டீவிக்காரர்கள் வந்தால் போட்டுக்கொள்வது. அவர்கள் தெருமுனையில் ஒரு சலவைக் கடை இருக்கும்போது, ஊரின் இந்த மூலைக்கு அது வந்து தொங்கியது.

மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அண்ணி சொன்னாள். நிலையத்தில் ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கும் வளாகத்தில் வருஷக்கணக்காக ஒப்பந்தக் கூலியாக ஓடிக்கொண்டிருந்தவன். மாமா ஒரு வார்த்தை சொன்னார், காரியம் முடிந்தது. பதிலுக்கு அவர் எதையும் கேட்கவில்லை. யாராவது வந்து கேட்டால் பழைய விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், வீண் அலைச்சல் எதற்கு என்று மட்டும் சொன்னாராம்.

"அண்ணி, அண்ணன் பேரு கெட்டுப்போகும்."

"உங்க அண்ணன் போயாச்சு. அவர் மேல எவ்வளவு மண்ணைப் போட்டாலும் அவருக்குத் தும்மல் வராது. பிள்ளை உயிரோட இருக்கான். அவனுக்குக் கல்யாணம் ஆகணும், குடும்பம் நடத்தணும்."

"பொய்யாச்சே அண்ணி."

அண்ணி அவளை நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பார்க்காத பார்வை.

"அந்த மீட்டிங்ல நீயும் இருந்தே, ஒண்ணும் பேசலைன்னு மட்டும் அவர் ஒரு தடவை சொன்னார். வேற எதுவும் சொல்லல. நீ அன்னிக்கு வாயைத் தைச்சு வச்சிருந்தே. பேசியிருந்தா இவர் அந்தக் கிடங்குல போய் உக்காந்திருக்க மாட்டார். பேச வேண்டிய நேரத்துல பேசாம, இப்ப வந்து என் பிள்ளை சோத்துல கை வைக்கிறே."

அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அண்ணி அவருக்குச் சிரித்த முகத்தோடு துணியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பாதையம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமலே இறங்கி நடந்தாள். அண்ணியும் வா என்று சொல்லவில்லை.

ஆகவே பேசுவதில்லை என்ற முடிவோடுதான் அவள் விசாரணைக்குப் போனாள். நிலையத்தின் கூட்ட அறையில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, குரலில் பஞ்சு வைத்துப் பேசுகிறவர். ஓரத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தலைவர் டீ கொடுக்கச் சொன்னார். அந்த உருளை நம்முடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். கடைசி அடுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நெட்டையர் என்றாள். தட்டச்சு ஓடியது. இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, பேச்சுவாக்கில் ஒன்றைக் கேட்டார்.

"நல்ல மூளைக்காரராம். குடிப்பழக்கம்தான் கெடுத்துடுச்சுன்னு கேள்விப்பட்டோம். வேலை நேரத்துலேயே உண்டாமே?"

நெட்டையர் டீயே பாதி டம்ளர்தான் குடிப்பார். தூக்கம் கெடும் என்று பயம்.

பாதையம்மாவுக்கு அண்ணியும் மறந்துபோனாள், அண்ணி மகனின் வேலையும் மறந்துபோயிற்று. அந்தக் கூட்டத்தில் நடந்தது அத்தனையும் சொன்னாள். மேலிடத்தில் இருந்து வந்த சொல், குறைத்த எரிபொருள், நெட்டையர் மாட்டேன் என்றது, தன் கணவர் முற்றம் என்று கிண்டல் செய்தது, எல்லாரும் சிரித்தது, யார் தலைக்கு மேல் யார் உத்தரவு போட்டது. தான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்தே சொன்னாள். பேசி முடித்து மூச்சு வாங்கியபோதுதான், அறையில் தன் குரலைத் தவிர வேறு சத்தமே இல்லாதிருந்தது அவளுக்கு உறைத்தது. தலைவரின் இடது கை மேசைக்கு மேல் லேசாக உயர்ந்து நின்றது. தட்டச்சுப் பெண் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"மேடம், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றார் தலைவர். "உங்க வீட்டுக்காரர் முன்னாடியே சொன்னார். ரெண்டு பேருக்கும் கொஞ்ச நாளா ஒத்துப்போகலையாம். கோபத்துல ஏதாவது சொல்லுவாங்க, பெரிசா எடுத்துக்காதீங்கன்னு எங்களைக் கேட்டுக்கிட்டார். வீட்டு விஷயத்தை எல்லாம் நாங்க பதிவு பண்றது சரியா இருக்காது."

"இது வீட்டு விஷயம் இல்ல சார். ராக்கெட் விஷயம்."

"புரியுது, புரியுது. டீ ஆறிடப் போகுது, குடிங்க."

அவள் குடிக்கவில்லை. வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் பேச்சைச் செல்லாக்காசாக்கிவிட்டுப் போயிருந்தார். அவர்கள் சண்டை போட்டதே கிடையாது. சண்டை போட்டிருந்தால்தான் தேவலை என்று அப்போது தோன்றியது. அவர் சொன்னதில் அது ஒன்றாவது மெய்யாக இருந்திருக்கும்.

அன்று மாலை அவர் வரும்போது அவள் இரண்டு பையில் துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பைகளைப் பார்த்தார்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ஊர் சிரிக்கும்."

"ஒத்துப்போகலைன்னு நீங்கதானே சொல்லிட்டு வந்தீங்க. உங்களைப் பொய்யர் ஆக்க வேண்டாம்னு பாக்கறேன்."

அவர் தடுக்கவில்லை. யாராவது கேட்டால் உடம்பு சரியில்லாத சித்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாய் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். அவளுக்குச் சித்தியே கிடையாது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுதாள், பிறகு அப்பா பாவம் என்றாள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், டயர் பஞ்சர் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை கிடைத்தது. பகலெல்லாம் காற்றடிக்கிற சத்தம் கேட்கும். வேலைக்கு அவள் எப்போதும் போலப் பஸ்ஸில் போனாள். அதில் மட்டும் மாற்றம் இல்லை.

குழுவின் அறிக்கை வந்தது. காலஞ்சென்ற அடுக்குத் தலைவரின் கவனக்குறைவு. உயிரோடு இருக்கிற எவர் மீதும் குற்றமில்லை. எல்லாப் பத்திரிகையிலும் நெட்டையரின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. நிலையத்துச் சிற்றுண்டிச் சாலையில் புதுப் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். யாராவது பேனாவைக் கீழே போட்டாலும், பாத்துப் போடு, நிலாவுல விழுந்துடப்போகுது என்பார்கள். அந்த மேசைக்கு இரண்டு மேசை தள்ளி அண்ணி மகன் உட்கார்ந்து, தட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிடுவான். அத்தை கடந்து போனாலும் நிமிர மாட்டான்.

பிறகுதான் காற்று திரும்பியது. எந்தப் புத்திசாலிக்கு முதலில் தோன்றியதோ தெரியாது. விழப்போவதைத் தடுக்க முடியாது, சரி. நிலாவைத் தொட்ட நாடுகள் உலகத்தில் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிசையில் நாமும் சேரப்போகிறோமே. ஒரு வாரத்தில் பேச்சு தலைகீழாகிவிட்டது. நேற்றுவரை குப்பை என்று எழுதியவர்கள் இன்று தூதுவன் என்று எழுதினார்கள். மேலிடத்தில் இருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. இயக்குநர் சாம்பல் நிறக் கோட்டோடு டீவியில் வந்து, அந்த ஏவுதலைத் தலைமை தாங்கி நடத்தியவன் என்ற முறையில் நெஞ்சு நிறைகிறது என்றார்.

மோதுகிற நேரத்தைத் துல்லியமாகக் கணித்துத் தரும்படி பாதையம்மாவின் பிரிவுக்கு உத்தரவு வந்தது. அவள் கணித்துக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதைக் கோணலாகச் செய்ய அவளுக்கு வராது.

அந்த நாளில் நிலையத்தின் பெரிய அரங்கம் நிரம்பி வழிந்தது. அவள் கடைசி வரிசையில் நின்றாள். நிலாவின் மறுபக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது. அங்கே படமெடுக்க அந்த நேரத்தில் எதுவும் இல்லை. ஆகவே திரையில் கணினியில் வரைந்த ஒரு படம் ஓடியது. வெள்ளை வெளேரென்று ஓர் உருளை, சாம்பல் நிற உருண்டையை நோக்கி. அவள் கொடுத்த நேரம் வந்ததும் அறிவிப்பாளர் இப்போது என்றார். வரைந்த உருளை வரைந்த நிலாவில் முட்டியது. அரங்கமே எழுந்து கைதட்டியது. நிஜத்தில் அந்த நொடியில், இரண்டரை லட்சம் மைலுக்கு அப்பால், எவர் கண்ணும் படாமல், காலிப் பீப்பாய் ஒன்று தூசியில் போய் விழுந்துகொண்டிருந்தது. மேடையில் அவள் கணவர் எல்லாருக்கும் கைகொடுத்தார். கூட்டம் கலைகிறவரை அவள் அங்கேயே நின்றாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

சில மாதம் கழித்து, நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த வேறு நாட்டுக் கலம் ஒன்று அந்த இடத்தைப் படம் பிடித்து அனுப்பியது. உருளை புரண்டு விழுந்ததில், ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு குழிகள். நிலையத்தார் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினார்கள். அடியில் இயக்குநரின் பெயர். அவருக்கு ஒரு விருதும் கிடைத்தது. பணி நீட்டிப்பும் கிடைத்ததாகக் கேள்வி.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் அண்ணி. மூச்சிரைத்தது. கையில் விருதுச் செய்தி வந்த பத்திரிகைத் தாள் ஒன்று நாலாக மடித்து இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"இதுல அவர் பேரு எங்கே?"

பாதையம்மா தாளை வாங்கவில்லை. அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.

"நானும் மூணு தடவை படிச்சுட்டேன். எங்கேயும் இல்ல. பழி வந்தப்ப எவ்வளவு பெரிசா போட்டாங்க? இப்ப எங்க போச்சு அந்தப் பேரு? தப்புன்னா இவர் பண்ணினது, பெருமைன்னா உங்க வீட்டுக்காரர் பண்ணினதா?" அண்ணி தாளை அவள் முன்னால் ஆட்டினாள். "நீ போய்ச் சொல்லு. அன்னிக்கு நான் வேண்டாம்னு சொன்னேன். இப்ப நானே சொல்றேன். எல்லாத்தையும் சொல்லு."

"சொல்லியாச்சு அண்ணி."

"எப்போ?"

"குழு கூப்பிட்டாங்களே, அன்னிக்கே. நீங்க வேண்டாம்னு சொன்னதை மீறித்தான் சொன்னேன். அவங்க எழுதிக்கல."

அண்ணி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கீழே பஞ்சர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடி நின்றது. பாதையம்மா டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்ததை அண்ணி கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு அந்த ரூம்ல அவர் என்னதான் சொன்னார்?" என்று கேட்டாள். "வீட்டுக்கு வந்து, கிடங்குல வேலை கம்மி, இனிமே சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன்னுதான் சொன்னார். நானும் நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

பாதையம்மா சொன்னாள். குழுவிடம் அவசரத்தில் சொன்னது போல அல்ல. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், அண்ணன் என்ன சட்டை போட்டிருந்தார், திரையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், மாட்டேன் என்று எந்தக் குரலில் சொன்னார். கூட இருந்தவர்கள் சிரித்ததைச் சொன்னாள். தன்னைக் கேட்டபோது தான் என்ன சொன்னாள் என்பதையும் மறைக்கவில்லை. அண்ணி இடையில் ஒன்றும் கேட்கவில்லை. நான் போட்டதை நானே அள்ளிவிடுவேன் என்று அண்ணன் சொன்ன இடத்தில் மட்டும், மறுபடி சொல்லு என்றாள். பாதையம்மா மறுபடி சொன்னாள்.

எல்லாம் கேட்டு முடித்ததும் அண்ணி கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டாள். பத்திரிகைத் தாளை இன்னும் சிறியதாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"இதையெல்லாம் பையன்கிட்ட சொல்லிடாதே" என்றாள். "அவன் நாளைக்கு வேலைக்குப் போகணும்."